இன்டர்ன் ஆண்டோடு ரெசிடென்சியை விட்டு விலகும் மருத்துவர்களுக்கு: அமெரிக்காவில் எதை எந்த வரிசையில் செய்வது

நான் மதுரையில் எம்.பி.பி.எஸ். முடித்து, திருமணத்தின் வழியாகக் கிரீன் கார்டு பெற்று அமெரிக்கா வந்து, பொது மருத்துவ ரெசிடென்சியில் (பட்டத்துக்குப் பிந்தைய துறைப் பயிற்சி) சேர்ந்து, இன்டர்ன் ஆண்டு எனப்படும் முதல் ஆண்டின் முடிவில் அதை விட்டு விலகியவள். விலகியதற்கான காரணங்களை இங்கே எழுதப்போவதில்லை. அந்த முடிவை எடுத்துவிட்டவர்களும் எடுக்கும் தறுவாயில் இருப்பவர்களும் எதை முதலில் செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பதை மட்டும், நான் பட்டுத் தெரிந்துகொண்ட வரிசையில் எழுதுகிறேன்.

ரெசிடென்சியை விட்டால் மருத்துவ வாழ்க்கையே முடிந்தது என்று சிலர் உங்களிடம் சொல்வார்கள். மருந்து நிறுவனங்கள் உங்களுக்காகவே காத்திருக்கின்றன என்று வேறு சிலர் சொல்வார்கள். இரண்டையும் நம்ப வேண்டாம். உங்களுக்கு எந்த வழி திறக்கும் என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: உங்கள் விசா, நீங்கள் படித்த கல்லூரி இருக்கும் நாடு, பன்னிரண்டு மாதப் பயிற்சியை முழுமையாக முடித்தீர்கள் என்பதற்கான எழுத்துச் சான்று. முதல் இரண்டை உங்களால் மாற்ற முடியாது. மூன்றாவது உங்கள் கையில் இருக்கிறது. அதை அவசரத்தில் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் மயிரிழையில்தான் தப்பினேன்.

1. ராஜினாமாக் கடிதத்துக்கு முன் விசாவைப் பாருங்கள்

ஜே-1 (பரிமாற்றப் பயிற்சியாளர்) விசாவில் இருப்பவர்கள் மற்ற எதையும் படிப்பதற்கு முன் இதைப் படிக்க வேண்டும். அந்த விசாவுக்கு, வெளிநாட்டில் படித்த மருத்துவர்களுக்குச் சான்றளிக்கும் அமைப்பான ஈ.சி.எஃப்.எம்.ஜி. தரும் ஆதரவு, குறிப்பிட்ட மருத்துவமனையில், குறிப்பிட்ட துறையில் பெறும் பயிற்சிக்கு மட்டுமே உரியது. ஆண்டுக்கு ஒருமுறை அது புதுப்பிக்கப்படுகிறது. பயிற்சியை விட்டால் ஆதரவும் போய்விடும். பயிற்சியை முடித்தவர்களுக்குக் கிடைக்கும் 30 நாள் அவகாசம், இடையில் விலகும் உங்களுக்கும் கிடைக்கும் என்று எண்ணிப் பயணச்சீட்டைத் தள்ளிப்போடாதீர்கள். ஜே-1 விசாவை வைத்துக்கொண்டு மருந்து நிறுவனத்திலோ காப்பீட்டு நிறுவனத்திலோ வேலை பார்க்க முடியாது. ஓராண்டு மட்டுமே பயிற்சி பெற்றிருந்தாலும், இரண்டு ஆண்டுகள் தாய்நாட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உங்களுக்கும் பொருந்தும்.

ஜே-1 மருத்துவர் ஒருமுறை துறை மாறலாம். அதையும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் செய்துவிட வேண்டும். புதிய துறைக்கு இந்தியச் சுகாதார அமைச்சகத்திடம் புதிதாகத் தேவைச் சான்று (அத்துறை மருத்துவர்கள் நாட்டுக்குத் தேவை என்ற கடிதம்) வாங்க வேண்டும். ஆகவே, புதிய இடம் உறுதியாகி, அதற்கான தாள்கள் கைக்கு வந்த பிறகே பழைய இடத்தை விடுங்கள்.

எச்-1பி (வேலை) விசாவில் இருப்பவர்களுக்கு வேலை முடிந்த நாளிலிருந்து அதிகபட்சம் 60 நாள் அவகாசம் உண்டு. நீங்கள் தங்குவதற்கான கெடுவைக் குறிக்கும் ஐ-94 பதிவு அதற்கு முன்பே முடிந்தால் அவகாசமும் அத்தோடு முடிந்துவிடும். இங்கே இன்னொரு பொறியும் இருக்கிறது. பல்கலைக்கழக மருத்துவமனைகளின் எச்-1பி, ஆண்டு உச்சவரம்புக்கு வெளியே வழங்கப்படுவது. தனியார் நிறுவனத்துக்கு மாறும்போது அந்த உச்சவரம்புக்குள் வந்தாக வேண்டும். அதற்கான குலுக்கல் பதிவு மார்ச் மாதம் நடக்கிறது, வேலை தொடங்குவது அக்டோபர் 1-ஆம் தேதி. ஜூனில் விலகிவிட்டு ஜூலையில் நிறுவன வேலைக்குச் சேரலாம் என்ற கணக்கு அநேகமாக நடக்காது. குடியேற்ற வழக்கறிஞரை ஒரு மணி நேரம் கலந்து பேச ஆகும் கட்டணத்தை இந்த இடத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

2. பன்னிரண்டு மாதங்களை முடியுங்கள், முடித்ததாகத் தாளில் எழுதி வாங்குங்கள்

பத்தாவது மாதத்தில், இனி ஒரு நாள்கூட முடியாது என்று தோன்றும். உடல்நலத்துக்கோ உயிருக்கோ ஆபத்து என்றால் உடனே விலகுங்கள். அதற்கு மேல் எதுவும் இல்லை. அப்படி இல்லையென்றால் எஞ்சிய வாரங்களைக் கடந்துவிடுங்கள். உரிம வாரியங்கள், வேறு ரெசிடென்சிகள், அமெரிக்க மத்திய அரசின் மருத்துவ அதிகாரிப் பணிகள் என எல்லா இடங்களிலும் கேட்பது முழு ஓராண்டுப் பயிற்சியைத்தான். பதினொன்றரை மாதம் முடித்தவருக்கும் இரண்டு மாதம் முடித்தவருக்கும் அந்தப் படிவங்களில் வேறுபாடு இல்லை.

வேலைக்கு வந்த மாதங்களும் கணக்கில் ஏறிய மாதங்களும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியவில்லை. அப்பாவின் அறுவைச் சிகிச்சைக்காக ஐந்து வாரம் மதுரைக்குப் போய்வந்தேன். பிறகு காய்ச்சலில் சில நாட்கள் படுத்துவிட்டேன். ஜூன் 30 கடைசி நாள் என்று ராஜினாமாக் கடிதமும் கொடுத்துவிட்டேன். ஜூன் இரண்டாவது வாரத்தில் வேறொரு காரியமாக, ரெசிடென்சியை நடத்தும் புரோகிராம் அலுவலகத்துக்குப் போனபோது, என் பயிற்சிச் சான்றுப் படிவம் மேசைமேல் கிடந்தது. 'கணக்கில் ஏறிய மாதங்கள்' என்ற கட்டத்தில் நீல மையில் 11 என்று எழுதியிருந்தார்கள். அனுமதிக்கப்பட்ட விடுப்பைத் தாண்டிய நாட்களை ஈடுசெய்ய வேண்டும் என்ற விதி ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் இருந்திருக்கிறது. எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் படிக்கவில்லை. அன்று மாலையே புரோகிராம் டைரக்டரைப் பார்த்து, கடைசி நாளை ஜூலை 31-க்கு மாற்றித் தரும்படி எழுத்தில் கேட்டேன். ஒப்புக்கொண்டார்கள். அந்தப் படிவத்தை நான் தற்செயலாகப் பார்க்காமல் போயிருந்தால், இன்று நான் செய்யும் வேலை எனக்குக் கிடைத்திருக்காது.

ஆகவே, விலகும் தேதிக்கு மூன்று மாதம் முன்பே புரோகிராம் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இன்றைய தேதியில் எனக்கு எத்தனை மாதம் கணக்கில் ஏறியிருக்கிறது? முழுப் பன்னிரண்டு மாதம் எந்தத் தேதியில் நிறைவடையும்? வாய்மொழிப் பதிலோடு திரும்பி வராதீர்கள். ஒப்பந்தத்தில் உள்ள முன்னறிவிப்புக் காலத்தையும் அப்போதே பாருங்கள். இரண்டாம் ஆண்டுக்கான ஒப்பந்தம் குளிர்காலத்திலேயே கையெழுத்துக்கு வந்துவிடக்கூடும். கையெழுத்திட்டுவிட்டு விலகுவதைவிட, கையெழுத்திடாமல் ஆண்டை நிறைவு செய்து வெளியேறுவது பின்னாளில் விளக்குவதற்கு எளிது.

3. ஸ்டெப் 3 தேர்வை உள்ளே இருக்கும்போதே எழுதுங்கள்

அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வான யு.எஸ்.எம்.எல்.இ.யின் மூன்றாம் கட்டத் தேர்வு இரண்டு நாள் நடக்கும்; கட்டணம் 900 டாலருக்கு மேல். இரண்டாம் நாளில் கணினியில் நோயாளிகளைக் கையாளும் 13 நேர்வுகள் வரும். வார்டில் ஆர்டர் போட்டுப் பழகிய கை இருக்கும்போது அவை எளிது. ஓராண்டு விலகி இருந்துவிட்டால் அந்த வேகம் போய்விடும். பல மாநிலங்கள் மூன்று கட்டங்களையும் ஏழு ஆண்டுகளுக்குள் முடித்திருக்க வேண்டும் என்கின்றன. இந்தியாவில் இருக்கும்போதே முதல் கட்டத்தை எழுதிவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருந்து இடம் பெற்றவர்களுக்கு இந்தக் கெடு நெருங்கிக்கொண்டிருக்கும். எலெக்டிவ் சுழற்சி (நீங்களே தேர்ந்தெடுக்கும் பிரிவில் பணிபுரியும் காலம்) போன்ற இலகுவான மாதம் ஒன்றைத் தேர்ந்து, அதற்கு மூன்று மாதம் முன்பே தேதி வாங்கிவிடுங்கள்.

4. வெளியேறும் முன் கையில் வாங்க வேண்டியவை

அடையாள அட்டை செயலிழந்த மறுநாளிலிருந்து நீங்கள் அந்த மருத்துவமனைக்கு வெளியாள். மின்னஞ்சல் கணக்கும் மூடப்படும். கடைசி வாரத்துக்கு முன்பே இவற்றைச் சொந்தக் கோப்பில் சேர்த்துவிடுங்கள்: தொடக்க, முடிவுத் தேதிகளும் மாதக் கணக்கும் உள்ள பயிற்சிச் சான்று, டைரக்டர் கையெழுத்திட்ட இறுதி மதிப்பீடு, மைல்ஸ்டோன் (பயிற்சிப் படிநிலை) மதிப்பீடுகள், ஒவ்வொன்றிலும் இருந்த வாரங்களோடு சுழற்சிகளின் பட்டியல், செய்முறைப் பதிவேடு, நீங்கள் இருந்த காலத்துக்கான தொழில்சார் பொறுப்புக் காப்பீட்டுச் சான்று, உங்கள் நல்நிலையைக் குறிப்பிடும் ஒரு பக்கக் கடிதம்.

அந்தக் கடைசிக் கடிதத்தைப் பலர் கேட்பதே இல்லை. நீங்கள் தானாக விலகினீர்கள், ஒழுங்கு நடவடிக்கை ஏதும் நிலுவையில் இல்லை என்ற இரண்டே வரிகள் போதும். டைரக்டர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து உங்களை அறியாத ஒருவர்தான் உங்கள் படிவத்தை நிரப்புவார். அவருக்கு முன்னால் இருக்கப்போவது உங்கள் கோப்பு மட்டுமே. வேறு துறைக்குப் போகும் எண்ணம் சிறிதாவது இருந்தால், உங்களோடு நேரடியாகப் பணியாற்றிய இரண்டு மூத்த மருத்துவர்களிடம் பரிந்துரைக் கடிதமும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

எஃப்.சி.வி.எஸ். எனப்படும் சான்று சரிபார்ப்புச் சேவையில் கணக்கு தொடங்குவதும் இந்தக் கட்டத்தில் செய்ய வேண்டியது. ஏறத்தாழ 400 டாலர் ஆகும். இந்தியக் கல்லூரியிலிருந்தும் பல்கலைக்கழகத்திலிருந்தும் முத்திரையிட்ட தாள்கள் வந்துசேர வேண்டியிருப்பதால், நம்மைப் போன்றவர்களுக்கு அது இழுக்கும். எனக்குப் பதினொரு வாரம் பிடித்தது. ஊரில் இருந்த தம்பி கல்லூரி அலுவலகத்துக்கு மூன்று முறை நேரில் போன பிறகுதான் கடிதம் புறப்பட்டது.

5. காப்பீடும் கையிருப்பும்

குடும்ப மருத்துவக் காப்பீடு உங்கள் வேலையோடு பிணைக்கப்பட்டிருந்தால், கோப்ரா முறையில் அதையே 18 மாதம் வரை நீட்டிக்கலாம். தேர்ந்தெடுக்க 60 நாள் தருவார்கள். ஆனால் மருத்துவமனை இதுவரை கட்டிவந்த பங்கையும் சேர்த்து, மொத்தத் தவணையில் 102 சதவீதம் வரை நீங்களே கட்ட வேண்டும். அந்தத் தொகையை முன்கூட்டியே கேட்டு அறிந்துகொண்டு, குறைந்தது நான்கு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு வெளியேறுங்கள். எனக்கு ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை சம்பளமே இல்லை.

6. உரிமம்: ஓராண்டுப் பயிற்சி யாருக்குப் போதும்?

பெரும்பாலோர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. 'ஓராண்டு முடித்தால் உரிமம் வாங்கி மருத்துவம் பார்க்கலாம்' என்ற பேச்சு, அமெரிக்க அல்லது கனடியக் கல்லூரியில் படித்தவர்களுக்குப் பல மாநிலங்களில் உண்மை. நியூயார்க்கில் அவர்களுக்கு ஓராண்டு போதும். வெளிநாட்டுக் கல்லூரிக்காரர்களுக்கு மூன்றாண்டு வேண்டும். புளோரிடாவில் அவர்களுக்கு ஒன்று, நமக்கு இரண்டு. அந்த இரண்டும் ஒரே துறையில் இருக்க வேண்டும். கலிபோர்னியாவில் 2022 முதல் அவர்களுக்கு 12 மாதம், நமக்கு 24 மாதம். உரிமம் கிடைத்த பிறகும் 36 மாதப் பயிற்சியை முடித்துக் காட்டினால்தான் அது தொடரும். இல்லினாய் மாநிலம் அனைவரிடமும் இரண்டாண்டு கேட்கிறது. விதிகள் அடிக்கடி மாறுவதால், மாநில வாரியத்தின் தளத்தில் உள்ள இன்றைய படிவத்தையே ஆதாரமாகக் கொள்ளுங்கள். விண்ணப்பக் கட்டணம் திரும்பக் கிடைக்காது.

ஒரே விண்ணப்பத்தில் பல மாநில உரிமங்களைத் தரும் மாநிலங்களுக்கு இடையிலான உரிம உடன்படிக்கையும், ரெசிடென்சியை முழுமையாக முடித்துச் சிறப்புத் தகுதி (துறை வாரியத்தின் சான்று) பெற்றவர்களுக்கு மட்டுமே. ஒவ்வொரு மாநிலமாகத்தான் உங்களால் போக முடியும்.

விண்ணப்பத்தில் 'பயிற்சியை இடையில் விட்டதுண்டா' என்ற கேள்வி இருக்கும். 'ஆம்' என்று குறித்து, மூன்று வரியில் விளக்கம் எழுதி, நல்நிலைக் கடிதத்தை இணையுங்கள். விலகியதற்காக மறுக்கப்படுவது அரிது; மறைத்ததற்காக மறுக்கப்படுவது உறுதி.

மருத்துவமனையில் இருந்தபோது பயன்படுத்திய பயிற்சி அனுமதியும், கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை எழுதத் தேவையான, மருத்துவமனையின் பெயரிலான டி.இ.ஏ. எண்ணும் உங்களோடு வருவதில்லை. விலகிய நாள் முதல் அமெரிக்காவில் உறவினருக்குக்கூட மருந்துச் சீட்டு எழுதக் கூடாது. உரிமம் வந்த பிறகு சொந்த டி.இ.ஏ. பதிவுக்கு மூன்றாண்டுக்கு 888 டாலர் கட்ட வேண்டும். போதைப் பழக்கச் சிகிச்சை பற்றிய எட்டு மணி நேரப் பயிற்சியும் 2023 முதல் கட்டாயம்.

7. உரிமம் கிடைத்தவர்களுக்கான பணிகள்

தொழில்சார் மருத்துவ நிலையங்கள், சிறை மருத்துவப் பிரிவுகள், கிராமப்புற அவசரச் சிகிச்சை நிலையங்கள், உடல் ஊனத் தகுதிப் பரிசோதனைகள் ஆகியவை சிறப்புத் தகுதி இல்லாத மருத்துவர்களையும் எடுத்துக்கொள்ளும் இடங்கள். கனரக வாகன ஓட்டுநர்களுக்கு உடல்தகுதிச் சான்று வழங்கும் பணிக்கு, ஒரு பயிற்சி வகுப்பும் மத்தியப் போக்குவரத்துத் துறையின் தேர்வும் முடித்துத் தேசியப் பதிவேட்டில் சேர வேண்டும். செலவு குறைவு, தேவை நிலையானது. மத்திய அரசு மருத்துவமனைகளில் எந்த மாநிலத்தின் உரிமமும் செல்லும்; குடியுரிமை உள்ளவர்களுக்கு இது பெரிய வசதி.

குடியேற்ற மருத்துவப் பரிசோதகர் வேலையை நம்மவர்கள் அடிக்கடி சொல்வார்கள். அதற்குப் பயிற்சிக் காலம் சேராமல் நான்கு ஆண்டு அனுபவம் தேவை. தொலைமருத்துவ நிறுவனங்களும், காப்பீட்டு நிறுவனங்களின் சிகிச்சை அனுமதிப் பிரிவுகளும் பெரும்பாலும் சிறப்புத் தகுதியைக் கேட்கின்றன.

எந்த வேலையிலும் கையெழுத்திடும் முன், பொறுப்புக் காப்பீடு எந்த வகை என்று கேளுங்கள். சம்பவம் நடந்த நாளை வைத்துப் பாதுகாக்கும் வகை நல்லது. வழக்கு வரும் நாளை வைத்துப் பாதுகாக்கும் வகை என்றால், வேலையை விடும்போது பின்தொடர் காப்பீடு வாங்க வேண்டியிருக்கும். அதற்கு ஓராண்டுத் தவணையைவிட அதிகம் ஆகலாம். அதை யார் கட்டுவது என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

உரிமம் கிடைக்காதவர்களுக்கு மிசௌரி மாநிலம் 2014-இல் சட்டம் இயற்றி 'உதவி மருத்துவர்' என்ற தனி வகையை உருவாக்கியது. மேற்பார்வை மருத்துவர் ஒருவரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, மருத்துவ வசதி குறைந்த பகுதிகளில் ஆரம்பநிலைச் சிகிச்சை தரலாம். தேர்வு முடித்து அதிக ஆண்டுகள் ஆகிவிட்டவர்கள், தேதி நிபந்தனைகளை முதலில் பாருங்கள்.

8. உரிமம் தேவைப்படாத பணிகள்

விலகிய பின் நான் முதலில் சேர்ந்தது மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புப் பணி. ஒரு மருந்தை உட்கொண்டவருக்கு ஏற்பட்ட பாதிப்பைப் பற்றி மருத்துவரோ நோயாளியோ அனுப்பும் தகவலை எடுத்து, காலவரிசைப்படி நேர்வுக் குறிப்பாக எழுதி, மெட்ரா என்ற மருத்துவச் சொற்பட்டியலின்படி குறியிட்டு, பாதிப்புக்கு மருந்து காரணமாக இருக்கக்கூடுமா என்று மதிப்பிட வேண்டும். கடுமையான, எதிர்பாராத பாதிப்பு என்றால் 15 நாட்களுக்குள் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.வுக்குப் போயாக வேண்டும். வார்டில் நோயாளி வரலாறு எழுதிப் பழகியவருக்கு இந்த வேலை ஒரு வாரத்தில் பிடிபடும். நேரடியாகப் பெரிய மருந்து நிறுவனங்களுக்கு விண்ணப்பித்து இரண்டு மாதத்தை நான் வீணாக்கினேன்; அவர்களுக்காக ஒப்பந்த அடிப்படையில் ஆய்வு நடத்தும் நிறுவனங்களில்தான் முதல் வேலை கிடைப்பது எளிது.

இன்னொரு வழி, மருத்துவமனைகளில் சிகிச்சைப் பதிவுகளைச் செம்மைப்படுத்தும் பணி. என்னோடு படித்த தோழி இதில் இருக்கிறாள். மருத்துவர் 'யூரோசெப்சிஸ்' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார், நோய்களுக்குக் குறியீடு தரும் ஐ.சி.டி.-10 பட்டியலில் அதற்குக் குறியீடே கிடையாது. சிறுநீர்த் தொற்று மட்டுமா, தொற்று இரத்தத்தில் பரவிய நிலையா என்று அவரிடம் எழுத்தில் கேட்டுத் தெளிவுபடுத்துவது அவள் வேலை. மருத்துவமனைக்கு வரும் தொகையும் நோயாளியின் பதிவும் அந்தப் பதிலைப் பொறுத்து மாறும். வெளிநாட்டு மருத்துவர்கள் பலரை இந்தத் துறை ஏற்றுக்கொண்டிருக்கிறது.

மருத்துவ எழுத்து, மருத்துவ ஆய்வு ஒருங்கிணைப்பு, மருந்து நிறுவனத்தின் அறிவியல் தொடர்பாளர் பணி ஆகியவையும் உண்டு. கடைசியானதற்கு ஏற்கெனவே அனுபவம் உள்ளவர்களையே விரும்புவார்கள். எஃப்.டி.ஏ. போன்ற அமைப்புகளில் மருத்துவ அதிகாரியாக ஓராண்டு மருத்துவப் பயிற்சி அடிப்படைத் தகுதி. இங்கும் குடியுரிமை பொதுவாகக் கேட்கப்படும்.

விண்ணப்பத்தில் 'ரெசிடென்சி முடித்தவர்' என்று தோன்றும்படி எதையும் எழுதாதீர்கள். 'பொது மருத்துவத்தில் முதலாண்டுப் பயிற்சி, 12 மாதம் நிறைவு' என்று எழுதினால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

9. ஊர் திரும்புவதானால்

இந்தியாவில் உங்கள் எம்.பி.பி.எஸ். தகுதியும் மாநில மருத்துவ மன்றப் பதிவும் அப்படியே இருக்கின்றன. தமிழ்நாடு மருத்துவ மன்றப் பதிவை அமெரிக்காவில் இருந்த காலத்தில் காலாவதியாக விட்டிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். இங்கே செய்த ஓராண்டு, அங்கே முதுகலைப் படிப்பின் ஓராண்டாகக் கணக்கில் வராது, நீட் பி.ஜி. எழுதிப் புதிதாகத்தான் சேர வேண்டும்.

10. வேறொரு ரெசிடென்சிக்கு மாறுவது

பலர் 'ரெசிடென்சியே வேண்டாம்' என்று சொல்லும்போது, 'இந்த ரெசிடென்சி வேண்டாம்' என்பதைத்தான் சொல்கிறார்கள். மயக்கவியல், கதிரியக்கவியல், நரம்பியல், உடலியக்க மருத்துவம் ஆகிய துறைகளில் இரண்டாம் ஆண்டிலிருந்து தொடங்கும் இடங்கள் உள்ளன. முதலாண்டை ஏற்கெனவே முடித்தவர்களுக்கென்றே, அந்த ஆண்டு ஜூலையிலேயே தொடங்கும் தனி இடங்களும், ரெசிடென்சி இடங்களை ஒதுக்கும் மேட்ச்சில் வருகின்றன. மனநல மருத்துவத்தில் இரண்டாம் ஆண்டு இடம் காலியாகும்போது, பொது மருத்துவத்தில் ஓராண்டு முடித்தவரை எடுப்பதுண்டு. ஒரு தடை உண்டு: முதலில் சேர்ந்த துறையின் கால அளவுக்குத்தான் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் பயிற்சி நிதி மருத்துவமனைக்கு முழுமையாக வரும். மூன்றாண்டுத் துறையில் தொடங்கியவர் ஐந்தாண்டுத் துறைக்கு மாறினால், கடைசி ஆண்டுகளுக்கு நேரடிப் பயிற்சி நிதி பாதியாகக் குறையும். சில புரோகிராம்கள் இதற்காகவே தயங்கும்.

கண்காணிப்புப் பணிக்குப் பிறகு நான் தேர்ந்தது நோய்த்தடுப்பு மருத்துவ ரெசிடென்சி. இதை நம்மவர்கள் பலர் கேள்விப்பட்டதே இல்லை. பன்னிரண்டு மாத மருத்துவப் பயிற்சி முடித்தவர்களுக்கே இடம். அதில் குறைந்தது பத்து மாதம் நோயாளிகளை நேரடியாகப் பார்த்திருக்க வேண்டும். சுழற்சிப் பட்டியலை வாரக் கணக்கோடு வாங்கச் சொன்னது இதற்காகத்தான். இரண்டாண்டுப் படிப்பு, பொதுச் சுகாதார முதுகலைப் பட்டமும் அதற்குள்ளேயே அடக்கம், உதவித்தொகை உண்டு. பொதுச் சுகாதாரம், தொழில்சார் மருத்துவம், விண்வெளி மருத்துவம் என மூன்று கிளைகள் இருக்கின்றன. முடித்தால் சிறப்புத் தகுதித் தேர்வு எழுதலாம். பழைய ஓராண்டோடு இந்த இரண்டும் சேர்ந்து மூன்றாண்டு ஆகிவிடுவதால், வெளிநாட்டுக் கல்லூரிக்காரரிடம் மூன்றாண்டு கேட்கும் நியூயார்க்கிலும் உரிமம் கேட்கும் தகுதி வந்துவிடுகிறது.

செப்டம்பரில் ஈராஸ் என்ற இணைய விண்ணப்பச் சேவை வழியாக விண்ணப்பம் அனுப்ப வேண்டும், அடுத்த ஜூலையில் சேர்க்கை. நேர்முகத்தில் 'ஏன் விலகினீர்கள்' என்ற கேள்வி எல்லா இடத்திலும் வந்தது. பழைய மருத்துவமனையைப் பற்றிக் குறை எதுவும் சொல்லாமல், எதை நாடி வந்திருக்கிறேன் என்பதை இரண்டு வாக்கியங்களில் சொன்னேன். அதற்கு மேல் யாரும் துருவிக் கேட்கவில்லை. எல்லோரும் அடுத்துக் கேட்டது, கணக்கில் ஏறிய மாதங்கள் எத்தனை என்பதைத்தான். படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். அந்தக் கட்டத்தில் 12 என்று இருந்தது.